பாலர் சபையும் பள்ளிக்கூடமும்

நாடகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவருள் சிலர் முகம் மலர்வர். சிலர் முகம் சுளிப்பர். மலர்பவர் இராப்பொழுதெல்லாம் கண்விழித்து வள்ளி திருமணமும் கோவலனும் கண்டு களித்த முன்னோர் வழிவந்தவர். சுளிப்பவரோ, கூத்தாடுதல் குடிகெடுக்கும் தொழில் என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர். இவ்விரு திறத்தாரும் ஒன்றுசேரும் இடம் ஒன்றுண்டு. தம் பிள்ளை இடைநிலைப் பள்ளியிலோ உயர்நிலைப் பள்ளியிலோ படிக்குங்கால், தமிழாசிரியர் அவனை நாடக ஒத்திகைக்கு அழைத்தால், "தேர்வு நெருங்குகிறதே, நாடகம் எதற்கு?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்பர்.

இக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடுதல் ஆகாது. அதன் பின்னே உண்மையான அச்சம் இருக்கின்றது. பிள்ளையின் படிப்பை மேடை விழுங்கிவிடுமோ என்னும் அவ்வச்சம் நேற்றுத் தோன்றியதன்று. நம் நாடக வரலாற்றில் ஒரு காலத்தில் அஃது உள்ளபடியே நிகழ்ந்திருக்கின்றது. ஆகவே, மாணவர்க்கு நாடகம் கற்பித்தல் தக்கதா என்னும் வினாவுக்கு விடை காணப் புகுமுன், தமிழ்ச் சிறுவர்க்கு நாடகம் கற்பித்த பழைய இடங்கள் யாவை, அவை எதைக் கொடுத்தன, எதைப் பறித்தன என்று காண்போம்.

தமிழ் நாடக வரலாற்றில் 1891ஆம் ஆண்டு ஒரு முச்சந்தி எனலாம். அவ்வாண்டில்தான் திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரிப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை மனோன்மணீயம் என்னும் நாடக நூலை வெளியிட்டார். படித்து இன்புறுவதற்கென்று செய்யுளில் அமைந்த நூல் அது. கல்லூரி மாணவர் பலர் அதனைப் பாடமாகப் பயின்றனர். மேடையில் கண்டோர் சிலரே. அதே ஆண்டில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார், தம் நண்பர் சிலருடன் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். முதலியார் அப்போது கல்லூரி மாணவர், வயது பதினெட்டு. படித்த குடும்பத்தினர் பொழுதுபோக்காக, ஊதியம் கருதாது நடிக்கும் வழக்கத்தைத் தமிழில் வேரூன்றச் செய்தவர் அவரே. பின்னாளில் நீதிபதியாக வீற்றிருந்த அவரே மேடையில் அரசனாகவும் தோன்றியமையால், நடிப்பு இழிதொழில் என்ற எண்ணம் நகரத்துப் படித்தவரிடையே சற்றே தளர்ந்தது.

மூன்றாவது நிகழ்ச்சியும் அவ்வாண்டிற்கே உரியது. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து, பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்று, உப்பளத்தில் கணக்கெழுதி வந்த இளைஞர் ஒருவர், தமது இருபத்து நான்காம் வயதில் அவ்வேலையை விட்டு நாடகக்குழு ஒன்றில் சேர்ந்தார். அவரே பின்னர்ச் சங்கரதாஸ் சுவாமிகள் எனப் பெயர்பெற்று, நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றித் தமிழ் நாடக உலகின் தலைமை ஆசிரியராக விளங்கியவர். ஆக, நூல் ஒரு வழியாகவும், சபை ஒரு வழியாகவும், தொழிற்குழு ஒரு வழியாகவும் பிரிந்தன. ஏழை வீட்டுத் தமிழ்ச் சிறுவனுக்குத் திறந்திருந்த கதவு மூன்றாவது ஒன்றே.

சுவாமிகள் தொடக்கத்தில் பெரியவர்களைக் கொண்டே நாடகம் நடத்தினார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபை என்று தாமே ஒன்று அமைத்தார். ஆயினும் அக்காலத்துப் பெரிய நடிகர் பலர் ஆசிரியர் எழுதியதை ஒதுக்கிவிட்டு, மேடையில் தாம் நினைத்ததைப் பேசுவதும், ஒருவரையொருவர் மடக்கி வாதிடுவதும், குடித்துவிட்டு வந்து நிற்பதும் வழக்கமாயிருந்தன. கட்டுப்பாடற்ற இந்நிலையில் மனம் கசந்த சுவாமிகள், சொன்னதைச் சொன்னவண்ணம் கற்றுக்கொள்ளும் சிறுவர்களே தமிழ் நாடகத்தைக் காப்பாற்றத் தக்கவர் என்ற முடிவுக்கு வந்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. மக்கள் இத்தகைய குழுக்களைப் 'பாய்ஸ் கம்பெனி' என்றே வழங்கினர்.

அச்சபையில் அவ்வாண்டிலேயே சேர்ந்த சகோதரர்களுள் ஒருவன் ஆறு வயதுச் சிறுவன். அவனே பிற்காலத்தில் ஔவையார் வேடம் புனைந்து 'ஔவை' என்னும் அடைமொழி பெற்ற தி. க. சண்முகம். அவர் முதுமையில் எழுதிய எனது நாடக வாழ்க்கை என்னும் நூலில், தமக்கெனவே சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்த செய்தியைக் குறித்திருக்கின்றார். ஒரு சிறுவனின் குரலையும் உருவத்தையும் ஆற்றலையும் அளந்தறிந்து, அதற்கேற்ப ஓர் ஆசிரியர் பாடம் எழுதினார் என்பதே இதில் நாம் கருதவேண்டிய செய்தி. இன்றைய கல்வி நூல்கள் மாணவனை அறிந்து கற்பிக்க வேண்டும் என்று பல பக்கங்களில் விளக்குவதை, அக்கிழவர் தம் எழுத்தாணிக் காலத் தமிழ்ப் படிப்பைக் கொண்டே செய்து காட்டினார்.

அச்சபைகளில் கற்பித்த முறை யாது? முதலில் பாட்டு, பின்னர் வசனம், அதன் பின்னரே அசைவும் நடையும். ஆசிரியர் ஒரு வரியைச் சொல்வார். பிள்ளைகள் திருப்பிச் சொல்வர். எழுத்தறியாத பிள்ளையும் காதால் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். வெண்பாவும் விருத்தமும் கீர்த்தனையும் கலந்த நாடகம் ஒன்றை நெட்டுருச் செய்த சிறுவன், தான் அறியாமலேயே தமிழ் யாப்பின் ஓசையை நாவில் ஏற்றிக்கொண்டான். ளகர ழகர வேறுபாடு தவறினால் பிரம்பு பேசும். ஒவ்வொருவனும் தன் வேடத்தோடு நில்லாது, பிறர் வேடங்களையும் மனப்பாடம் செய்திருப்பான். ஒருவன் நோயுற்றால் மற்றொருவன் அன்றிரவே அவ்விடத்தில் நிற்கவேண்டுமன்றோ?

இவ்வாறு பயின்று வெளிவந்தவர் யாவர் என்று எண்ணிப் பாருங்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பயின்றவர் பி. யு. சின்னப்பா, அதே கம்பெனியில் வறுமை காரணமாக மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு வந்து சேர்ந்தவர், 1977இல் தமிழ்நாட்டின் முதலமைச்சராகப் பதவியேற்ற எம். ஜி. இராமச்சந்திரன். நாகர்கோவில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன் தி. க. சண்முகம் சகோதரர்களின் சபையில் சேர்ந்து கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் ஆனான். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவில் சிறுவயதில் சேர்ந்த கணேசன், பின்னர் 'சிவாஜி' என்ற பட்டத்தோடு தமிழ் வசனத்தின் முழக்கத்தை உலகெங்கும் உள்ள தமிழர் செவியில் ஒலிக்கச் செய்தார். பள்ளிக்கூடம் பெரிதும் அறியாத இவர்கள் பேசிய தமிழைக் கேட்டுப் பல்லாயிரவர் தம் தமிழைத் திருத்திக்கொண்டனர்.

இதுகாறும் கூறியது வரவு. இனிச் செலவைக் கூறவேண்டும். அதை மறைத்துவிட்டு வரவை மட்டும் பாடுதல் நேர்மையாகாது.

பாலர் சபைக்குப் பிள்ளையை அனுப்பிய பெற்றோருள் கலையார்வத்தால் அனுப்பியவர் சிலர். வயிற்றுப்பாட்டால் அனுப்பியவரே பலர். வீட்டில் ஒரு வாய் குறையும். மாதம் சில காசு வந்தாலும் வரும் என்பதே கணக்கு. ஆறு வயதிலும் ஏழு வயதிலும் தாயைப் பிரிந்து, ஊர் ஊராகச் சென்று, கம்பெனி வீட்டில் பாய் விரித்துப் படுத்து, இரவு முழுவதும் ஆடி விடிந்தபின் உறங்கிய பிள்ளைகள் அவர்கள். அடிக்கு அஞ்சிக் கற்றவை பல. மேடைமேல் அரசகுமாரனாக ஆணையிட்ட சிறுவன், கீழிறங்கியதும் ஒரு கடிதத்தைப் படிக்கப் பிறரை நாடிய கொடுமையும் உண்டு. பெண்பிள்ளைகளுக்கோ அங்கே இடமேயில்லை. சீதையாகவும் வள்ளியாகவும் நின்றவர் ஆண்பிள்ளைகளே.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. அதற்கு நாடகக்காரர் இட்ட பெயர் மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் சிறுவனின் குரல் உடையும். நேற்றுவரை ஐந்து கட்டையில் பாடிய பிள்ளையின் தொண்டை இன்று கரகரக்கும். பாட்டையே உயிராகக் கொண்ட அந்நாடகத்தில் குரல் உடைந்தவனுக்குப் பெரிய வேடம் இல்லை. கைதட்டுப் பெற்ற இராஜபார்ட்டு பின்வரிசையில் காவற்காரனாய் நிற்பான், அல்லது மூட்டை கட்டிக்கொண்டு வீடு திரும்புவான். வீட்டிலோ பள்ளி வயது கடந்துவிட்டது. வேறு தொழிலும் தெரியாது. சின்னப்பாவும் குரல் மாறிக் கம்பெனியை விட்டு நீங்கியவரே. அவர் மீண்டும் பயின்று, சிலம்பமும் கற்று, 1940இல் உத்தமபுத்திரன் படத்தில் இரட்டை வேடமேற்றுப் புகழடைந்தார். ஆனால் மீளாதவர் எத்தனை பேர்! அவர்கள் பெயரை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை.

நிற்க. இத்துன்பம் தமிழ்நாட்டிற்கே உரியதென்று எண்ணற்க. ஆங்கில நாட்டிலும் முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே பாலர் கம்பெனிகள் இருந்தன. 1600ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், தாமஸ் கிளிப்டன் என்ற பதின்மூன்று வயதுச் சிறுவன் இலண்டனில் பள்ளிக்கூடம் செல்லும் வழியில் பிடித்துச் செல்லப்பட்டான். பிடித்தவர், அரசியின் கோயிற்பாடகராகச் சிறுவரைத் திரட்டும் உரிமைச்சீட்டு வைத்திருந்தவர்கள். அவர்கள் அவனைக் கொண்டுபோய் நிறுத்திய இடமோ பிளாக்பிரையர்ஸ் நாடகக் கொட்டகை. பாடம் எழுதிய தாளைக் கையில் திணித்து, மனப்பாடம் செய்யாவிட்டால் சவுக்கடி என்றனர். தந்தை ஹென்றி கிளிப்டன் செல்வாக்குடையவராதலின் அரசவையினர் ஒருவரின் ஆணை பெற்று மகனை மீட்டார்; மறு ஆண்டு வழக்கும் தொடுத்தார். 1606இல் உரிமைச்சீட்டைப் புதுப்பித்தபோது, கோயிற்பாடகச் சிறுவரை நாடகத்தில் நடிக்கவிடலாகாது என்ற விதி சேர்க்கப்பட்டது. அந்நாளில் எழுந்த ஹாம்லெத் நாடகத்திலேயே, குரல் மாறியபின் இப்பிள்ளைகள் எவ்வாறு பிழைப்பர் என்ற கேள்வியைச் சேக்ஸ்பியர் எழுப்பியிருக்கின்றார். நம் மதுரைக் கம்பெனிச் சிறுவனின் மகரக்கட்டும் இலண்டன் சிறுவனின் மகரக்கட்டும் ஒன்றே.

அதே இலண்டனில் மற்றொரு வழியும் இருந்தது. மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் பள்ளியில் 1561 முதல் 1586 வரை தலைமையாசிரியராக இருந்த ரிச்சர்டு மல்காஸ்டர், தம் மாணவரைக் கொண்டு அரசவையின் முன் நாடகம் நடத்துவித்தார். அவரிடம் பயின்று பின்னாளில் நீதிபதியான ஜேம்ஸ் ஒயிட்லாக், அந்நடிப்பினால் தாங்கள் நன்னடத்தையும் துணிவும் கற்றதாக எழுதி வைத்துள்ளார். மல்காஸ்டர் இலத்தீனை மதித்தவரேனும், தம் நாட்டு மொழியையே மேலாகப் போற்றி, அதற்காக நூல் எழுதிய பெருமகன் என்பதையும் நாம் மறத்தலாகாது. அவருடைய பிள்ளைகள் மேடையிலிருந்து இறங்கி மீண்டும் வகுப்பிற்கே சென்றனர். குரல் உடைந்தாலும் அவர்கள் வாழ்வு உடையவில்லை. இருபதாம் நூற்றாண்டில் கேம்பிரிட்சு பெர்ஸ் பள்ளியில் கால்டுவெல் குக் என்ற ஆசிரியர் இதே வழியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். மாணவர் நாடகத்தைப் படிப்பதோடு நில்லாது, எழுந்து நடித்தும் தாமே எழுதியும் மொழி கற்ற முறையை அவர் 1917இல் நூலாக வெளியிட்டார்.

ஆக, கெடுதி நாடகத்தில் இல்லை. பிள்ளையை நாடகத்திற்காக வைத்திருந்தனரா, நாடகத்தைப் பிள்ளைக்காக வைத்திருந்தனரா என்பதிலேயே இருக்கின்றது. கம்பெனி முன்னதைச் செய்தது. பள்ளிக்கூடம் பின்னதைச் செய்யமுடியும்.

தமிழரும் அதைச் செய்து காட்டியிருக்கின்றனர். ஈழநாட்டில் பள்ளிகளை வளர்த்த ஆசிரியராகிய விபுலானந்த அடிகள் 1926இல் மதங்க சூளாமணி என்னும் நாடக ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வித்தியானந்தன், மட்டக்களப்பு வட்டாரத்து நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மாணவர் ஆடும்படி செப்பனிட்டார். ஊர்ப்புறத்தார் ஆட்டமென்று ஒதுக்கப்பட்டது படித்தவர் மேடைக்கு வந்தது. 1978இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் முன்னின்று நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். இலங்கைப் பள்ளிகளில் நாடகமும் அரங்கியலும் என்பது மாணவர் தேர்ந்தெடுத்துத் தேர்வெழுதும் பாடமாகவே இருக்கின்றது. நாடகம் தேர்வுக்குப் பகை என்னும் பெற்றோர்க்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ?

இனி நம் நாட்டிற்கு வருவோம். மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், கல்வி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்திலே பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்று விதித்தது. அப்பள்ளிகள் பெரும்பாலும் கொட்டகைகளே. ஆயினும் தமிழெழுத்து அங்கேதான் பிழைத்தது. ஆனால் தொடக்கக் கல்வியோடு அது முடிந்தது. சிங்கப்பூரில் உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, மாணவர் குறையவே 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. இன்று மலேசியத் தமிழ்ப்பிள்ளை ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் எல்லாப் பாடங்களையும் தமிழோடு சேர்த்துப் பயின்றுவிட்டு, இடைநிலைப் பள்ளியில் அடி வைத்ததும் தமிழ் ஒரு பாடமாகச் சுருங்கக் காண்கின்றது. சிங்கப்பூர்ப் பிள்ளைக்கோ தொடக்கம் முதலே தமிழ் ஒரு பாடந்தான்.

எந்த வயதில் இச்சுருக்கம் நேர்கின்றது? பதின்மூன்றில்! பாலர் சபைச் சிறுவனுக்குத் தொண்டையில் விழுந்த மகரக்கட்டு, நம் பிள்ளைக்கு மொழியில் விழுகின்றது. முந்திய ஆண்டு மேடையேறித் திருக்குறள் ஒப்பித்த குழந்தை, இரண்டாம் படிவத்தில் தமிழில் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போற் பேசக் கூசுகின்றது. பிழை வந்துவிடுமோ, தோழர் நகைப்பரோ என்ற கூச்சம். எழுத்துத் தேர்வில் தேறிவிடுவான், வாயைத் திறக்கமாட்டான். பேசாத மொழி எத்தனை நாள் நிலைக்கும்?

இக்கூச்சத்தை நீக்கும் மருந்துகளுள் நாடகம் தலையாயது. ஏன் எனின், நாடகத்தில் மாணவன் தானாகப் பேசவில்லை, வேறொருவனாகப் பேசுகின்றான். பிழைத்தால் நகைப்பிற்கு உள்ளாவது வேடமேயன்றித் தானல்ல என்ற துணிவு அவனுக்கு வருகின்றது. நாம் அறிந்த ஓர் இடைநிலைப் பள்ளியில், வகுப்பில் வாய்திறவா மாணவன் ஒருவனுக்கு ஆசிரியர் தோட்டத்துத் தண்டல் வேடத்தைக் கொடுத்தார். பேசவேண்டியவை ஏழெட்டு வரிகளே. பையன் வீட்டிற்குச் சென்று தன் பாட்டியிடம், தண்டல் எப்படிப் பேசுவார் என்று கேட்டிருக்கின்றான். பாட்டி நடித்தே காட்டியிருக்கின்றார். மறுநாள் அவன் கொண்டுவந்தவை ஏழு வரிகளல்ல, இருபது. தமிழ் அவனிடம் இல்லாமற் போகவில்லை. கேட்பார் இல்லாமற் கிடந்தது.

ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் பணிவுடன் கூறுவது இதுவே. சுவாமிகளின் சபையிலிருந்து மூன்றைக் கொள்ளுங்கள். ஒன்று, வாய்விட்டுப் படித்தல்: பொருள் விளங்கும்வரை, ழகரம் திருந்தும்வரை. இரண்டு, பிள்ளையை அளந்து வேடம் எழுதுதல். மூன்று, ஒவ்வொருவரும் எல்லா வேடத்தையும் அறிந்திருத்தல். அச்சபையிலிருந்து மூன்றைத் தள்ளுங்கள்: பிரம்பை, நெடுநேர இரவு ஒத்திகையை, கெட்டிக்காரன் ஒருவனையே முன்னிறுத்திப் பரிசுக் கோப்பைக்கு ஓடும் ஆசையை. குரல் நல்லவர்க்கே மேடை என்றால் மீண்டும் கம்பெனிதான் திரும்பி வரும். பெண்பிள்ளைகட்கு ஔவை வேடம் மட்டுமன்று, அதியமான் வேடமும் கொடுக்கலாம். அன்று ஆண்மகன் ஔவையானபோது இன்று இது ஏன் ஆகாது?

கதைக்குப் பஞ்சமில்லை. அரண்மனையும் தேவலோகமும் வேண்டியதில்லை. கப்பலேறி வந்த முன்னோர், பால்மரத்து விடியல், 1942இலும் 1943இலும் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மீளாத தோட்டத்து மக்கள், தோட்டம் துண்டாடப்பட்டு நகர்ப்புறத்து அடுக்குவீட்டில் குடியேறிய குடும்பம் ஆகிய இவையெல்லாம் மாணவர் தம் வீட்டிலேயே கேட்டு எழுதக்கூடிய காட்சிகள். வாரத்தில் ஒரு பாடவேளை போதும். திரையும் வேண்டாம், அரிதாரமும் வேண்டாம். மேசைகளை ஓரத்தில் தள்ளினால் மேடை வந்துவிடும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். உங்கள் அச்சத்தை நாம் இகழவில்லை. கல்வியை இழந்து மேடையில் வாழ்ந்த பிள்ளைகளின் கதையை மேலே விரித்துரைத்தது அதற்காகவே. ஆனால் அக்காலம் கடந்தது. இன்று உங்கள் பிள்ளை தாய்வீட்டில் உறங்கி, பள்ளியில் பயின்று, அப்பள்ளியிலேயே நடிக்கலாம். அவர்கள் கண்ணீர்விட்டுப் பெற்ற தமிழ்நாவை உங்கள் பிள்ளை சிரித்து விளையாடிப் பெறலாம். குரல் உடைந்த நாளில் கைவிடப்பட்ட அச்சிறுவர்க்கு நாம் செலுத்தவேண்டிய கடன் ஒன்றுண்டெனின், நம் பிள்ளைகளின் குரல் உடையும் வயதில் அவர்களைத் தமிழ் கைவிடாதவாறு காத்தலே அது. அடுத்த முறை தமிழாசிரியர் ஒத்திகைக்கு அழைக்கும்போது, பெற்றோர் தடை கூறாது அனுப்பிவைப்பார்களாக!